விரிசல்காரரின் தொடை எலும்பு

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். வீட்டுக்காரர் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பார். அது காதில் விழாது. பையைக் கீழே வைத்த கையோடு நேராகச் சுவரிடம் போய் விரல் முட்டியால் மூன்று தட்டு. காதை ஒட்டி வைத்து ஒரு கணம். நாலடி தள்ளி இன்னும் மூன்று தட்டு. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட இப்படித் தட்டிப் பார்த்துவிட்டு, "போனவர் போயிட்டார், இந்தச் சுவரையாவது பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர். அதை நினைத்து அவர் மனைவி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் விரிசல்காரர். பழைய கட்டடங்களில் விழும் விரிசல்களைப் பார்த்து, அவற்றின் ஜாதகத்தைக் கணித்து, தேவையானால் கட்டுப்போட்டு விடுவது தொழில். வயது ஐம்பத்தெட்டு. வலது காதில் ஒரு தட்டைப் பென்சில் எப்போதும் செருகியிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் முதலில் காதில் ஏறுவது அதுதான், சட்டை அப்புறம்.

விரிசலில் இரண்டு வகை உண்டு என்பது அவருடைய சாஸ்திரம். ஒன்று தூங்குகிறது, மற்றது நடக்கிறது. தூங்குவதைப் பூசி மூடிவிடலாம். நடப்பதைப் பூசினால் அது பூச்சையும் கிழித்துக்கொண்டு நடக்கும். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க அவர் ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சுண்ணக் கலவையால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிட்டு வந்துவிடுவார். அந்தச் சில்லுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சாட்சி. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பார். சாட்சி முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. உடைந்திருந்தால் நடக்கிறது. இதில் வாதத்துக்கு இடமில்லை. "மனுசன் பொய் சொல்லுவான். சுவரு கூட கொஞ்சம் மழுப்பும். கண்ணாடி மழுப்பாது" என்பார்.

வாய் மட்டும் கொஞ்சம் அல்ல, நிறையவே கரடுமுரடு. புது வண்ணம் அடித்த வீட்டைப் பெருமையாகக் காட்டியவரிடம், "நல்லாருக்கு, பவுடர் போட்ட பொணம் மாதிரி" என்றார். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரை மாணவர்கள் முன்னிலையில் நிறுத்தி வைத்து, "சார், உங்க மேற்குச் சுவரு முட்டிவலியோட நிக்குது, நீங்க அது மேல ஒரு மாடி கேக்கறீங்க" என்று பாடம் நடத்தினார். திட்டு வாங்கியவர்கள் யாரும் அவரை விட்டுப் போனதில்லை. தேனாகப் பேசிய ஆட்கள் பூசிய சுவர்கள் எல்லாம் எப்படி ஆயின என்பது அவர்களுக்குத் தெரியும்.

எந்த விரிசலையும் மன்னித்துவிடுவார், வெள்ளை பூத்த சுவரை மட்டும் மன்னிக்கவே மாட்டார். ஈரம் உள்ளே புகுந்து, செங்கல்லில் இருக்கும் உப்பைக் கரைத்து, வெளியே மாவு தூவியதுபோலக் கொண்டுவந்து விடும் அல்லவா, அது. வீட்டுக்காரர்கள் கறுப்புத் திட்டைக் காட்டி அலறுவார்கள். அவர் கையை வீசுவார். "கறுப்புக்குப் பயப்படாதீங்க, அது அழுக்கு. வெள்ளைக்குப் பயப்படுங்க. ஓரத்துல வெள்ளை பூத்துச்சுன்னா, உள்ள தின்னு முடிச்சாச்சுன்னு அர்த்தம்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே முப்பது வருடம் சாப்பிட்டவர். அது அவரையே ஒருமுறை நாலு நாள் பட்டினி போடும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கதை தொடங்கியது முடிதிருத்தும் கடையில். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "அண்ணே, இங்க என்ன பள்ளமா இருக்கு?" என்றார். இடது காதுக்கு மேலே, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், விரல் வைத்தால் சதை மட்டும் அமுங்கியது. "கடைய எப்ப வாடகைக்கு எடுத்தே? அந்தச் சன்னல் மேல பாரு, அங்கயும் பள்ளம்தான்" என்று விரிசல்காரர் பேச்சை மாற்றிவிட்டார். அடுத்த மாதம் ஏணியில் நாலாவது படியில் நிற்கும்போது இடது தொடைக்குள் யாரோ உளி வைத்துத் தட்டியது போல இருந்தது. அதையும் இரண்டு மாதம் மறைத்தார். நடையில் ஒரு சாய்வு விழுந்ததும் மனைவி பிடித்துவிட்டார்.

"எத்தன நாளா நொண்டறீங்க?"

"நொண்டல. தரை சமமா இல்ல."

"நம்ம வீட்டுத் தரையா? நீங்க போட்ட தரையா?"

தன் வேலையைத் தானே குறை சொல்வதா, வலியை ஒப்புக்கொள்வதா என்ற தர்மசங்கடத்தில் அவர் வலியைத் தேர்ந்தெடுத்தார். தொழில் மானம் பெரிது.

படம் எடுத்தார்கள். தொடை எலும்பின் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை, முப்பத்திரண்டு மில்லிமீட்டர். மண்டையில் சின்னதாக இன்னொன்று. இரண்டும் துளைபோடும் கருவி வைத்துப் போட்டது போல அவ்வளவு சுத்தம். "யார் போட்டிருந்தாலும் நல்ல வேலைக்காரன்" என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் மூன்று வாரம் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் நினைத்தார்கள், யாரும் வாயில் கொண்டுவரவில்லை. எலும்பு அறுவை நிபுணர் தொடையைத் திறந்து, ஓட்டையைச் சுரண்டி, அதற்குள்ளேயே ஒரு மருந்தையும் போட்டு, சுரண்டியதைச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வந்தபோது அது எலும்பு நோயே இல்லை, ரத்த அணு நோய் என்று சொல்லி அவரை ரத்த நோய் டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள்.

அந்த நோயின் பெயர் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கொடுத்திருந்த கட்டத்துக்குள் அது அடங்கவில்லை; ஓரத்தில் ஏறி, மேல்நோக்கி வளைந்து, விலாசத்துக்குள் போய் முடிந்தது. விரிசல்காரர் முதல் வாரம் சொல்லிப் பார்த்தார், இரண்டாவது வாரம் கைவிட்டார். "அந்த நீளக்காரன்" என்று வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. மகள் வயதுதான் இருக்கும். "தோல்ல காவல் நிக்க வேண்டிய வெள்ளையணுல ஒரு வகை இருக்கு ஐயா. அது கணக்கில்லாம பெருகி, எலும்புக்குள்ள போய்க் கூட்டமா உக்காந்து, அந்த எடத்த அரிச்சிடுது" என்று விளக்கினார்.

"காவல்காரனே கன்னம் வைக்கிறான்னு சொல்லுங்க."

"அப்படித்தான். சின்னக் குழந்தைங்ககிட்ட அப்பப்ப பாப்போம். உங்க வயசுல ரொம்ப அபூர்வம். பத்து லட்சம் பேர எடுத்தா ஒருத்தர், ரெண்டு பேர்."

விரிசல்காரருக்குத் தன்னையும் மீறி ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. மனைவி அதைக் கவனித்து, மேசைக்கு அடியில் காலை மிதித்தார். நல்ல காலைத்தான்.

"புத்துநோயா டாக்டர்?" என்று மனைவி கேட்டார். மூன்று வாரமாக வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை, அன்னிய இடத்தில் சுலபமாக வந்துவிட்டது.

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்மா. வீட்டுல வெச்சு சாப்பாடு போடற அளவுக்கு நெருக்கமில்ல. ஆனா கண்டுக்காம விட்டா உரிமை கொண்டாடும்."

பிறகு வைத்தியத்தைச் சொன்னார். மாதத்தில் ஐந்து நாள் ஊசி, அப்படி ஆறு மாதம். எலும்புக்கு வலுவேற்ற ஒரு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு பாட்டில், கை நரம்பு வழியாக. சிகரெட் அன்றோடு முடிந்தது. நுரையீரலுக்கும் இந்த அணுக்கள் போகும், புகை அதற்கு விருந்து வைப்பது போல. பதினெட்டு வருடம் மனைவி கெஞ்சியும் விடாதவர் அந்த நிமிடமே பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க பேச்சுக்கு என்ன மரியாதைன்னு பாருங்க" என்று மனைவி டாக்டரிடம் சொன்னார். சந்தோஷமா வருத்தமா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரிசல்காரர் தொழில்முறைச் சந்தேகம் ஒன்றை எழுப்பினார். "ஓட்டைய எப்ப அடைப்பீங்க?"

"நாங்க அடைக்க மாட்டோம் ஐயா. அரிக்கிறத நிறுத்துவோம். நிறுத்திட்டா எலும்பு தானா அடைச்சுக்கும்."

"டாக்டரம்மா, நான் முப்பது வருசமா இதுல இருக்கேன். தானா அடைச்சுக்கிட்ட சுவர ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

"உங்க சுவருல ரத்தம் ஓடலையே."

தலையாட்டிக்கொண்டே எழுந்தார். ஆனால் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "சின்னப் பொண்ணு. கலவை போட்டா ஒரு மணி நேர வேலை. அத விட்டுட்டு ஆறு மாசம் ஊசி போட்டு, ஓட்டைகிட்ட நல்ல வார்த்தை பேசப் போவுதாம்" என்றார்.

ஒன்றை மட்டும் டாக்டரம்மா அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இடத்தில் எலும்பு இப்போது முட்டை ஓடு. ஏணி கூடாது. இடது காலில் பாரம் கூடாது. ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தில் ஓட்டை பெரிதாகியிருந்தால் அன்றைக்கே படுக்கவைத்து, தொடைக்குள் கம்பி ஏற்ற வேண்டியிருக்கும். ஊசியும் கடுமையானதாக மாறும். பிறகு ஏணி என்ற பேச்சே கிடையாது.

ஏணி இல்லாத விரிசல்காரரை அந்த ஆறு மாதம் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு, ஊன்றுகோலைத் துப்பாக்கி போல மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஏணியில் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி, பூச்சு வேலைக்காரர், நல்ல மனிதர். கீழிருந்து ஓயாமல் குரல் வரும்.

"மாப்ள, தட்டு."

தட்டுவார்.

"அதுக்குப் பேரு தட்டறதா? கொசு அடிக்கறியா? இன்னும் மேல. உன் தலைக்கு மேல இல்ல, விரிசலுக்கு மேல."

"மாமா, நீங்க ஆஸ்பத்திரிலயே இருந்திருக்கலாம்."

"அங்க சுவரு பாத்தாச்சு. சகிக்கல."

ஊசி போடும் ஐந்து நாளும் குமட்டல், சோர்வு. ஆறாம் நாள் நாற்காலியோடு வேலைக்கு. தொடை வலி மூன்றாவது மாதமே குறைந்துவிட்டது. நியாயமாக அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் விரிசல்காரர் வலி நின்றதைச் சந்தேகப்பட்டார். விழப்போகிற சுவர் விழுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும் என்பது அவர் அனுபவம்.

ஆறு மாதம் முடிந்த திங்கள்கிழமை படமும் ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டரம்மா வெள்ளிக்கிழமைதான் பார்ப்பார். படத்தை ஒரு பெரிய உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. முப்பது வருடம் மற்றவர்கள் வீட்டு ரகசியத்தைத் தட்டிக் கேட்டவரிடம் ஓர் உறையைக் கொடுத்து, நாலு நாள் பிரிக்காமல் இரு என்றால் இருப்பாரா?

மனைவி சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் சன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தில் சுத்தமான கறுப்பு ஓட்டை. கறுப்பு அவருக்குப் பழகிவிட்டது. புதியதில் அந்த ஓட்டையின் ஓரம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. விளிம்பில் கனமாக, உள்ளே போகப் போக மாவு தூவியதுபோலத் திட்டுத் திட்டாக. நடுவில் கொஞ்சம்தான் கறுப்பு மிச்சம்.

இதே மாதிரி எத்தனை சுவரைப் பார்த்திருக்கிறார். எத்தனை பேரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். ஓரத்தில் வெள்ளை பூத்தால், உள்ளே தின்று முடித்தாகிவிட்டது. இரண்டு படத்தையும் உறையில் போட்டு, பசையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, எதுவும் நடக்காதது போல வந்து உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். ஒரு சுவர் விழப்போகிறது என்றால் அடியில் இருப்பவர்களை நகரச் சொல்லலாம். தன் சுவருக்கு அடியில் இருப்பவர் நகரமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

தொடர்ந்து நடந்ததை அந்தத் தெரு இன்னும் பேசுகிறது. விரிசல்காரர் மரியாதையானவராக மாறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாதிச் சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு, சாப்பாட்டைப் பாராட்டினார்.

"உப்பு போட மறந்துட்டேனே" என்றார் மனைவி.

"அதனால என்ன. நல்லாத்தான் இருந்துச்சு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தார். புதன்கிழமை, பதினோரு வருடமாக ஆடிக்கொண்டிருந்த குளியலறைத் தாழ்ப்பாளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிசெய்தார். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர், வழக்கமான சண்டைக்குத் தயாராக வெளியே வந்தார். அவர் மாடிக் குழாய்த் தண்ணீர் விரிசல்காரர் சுவரில் கொட்டுவது ஒன்பது வருட விவகாரம். "பரவால்லைங்க, தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும்" என்றார் விரிசல்காரர். பக்கத்து வீட்டுக்காரர் பயந்து போய் மறுநாளே குழாயைத் திருப்பி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மைத்துனரைக் கூப்பிட்டுத் தன் தூக்குக்குண்டைக் கையில் கொடுத்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் பித்தளைக் குண்டு. வேறு யாரும் தொட்டால் கையைத் தட்டிவிடுவார்.

"நீயே வெச்சுக்க மாப்ள. உன் கை இப்ப நல்லா வந்திருக்கு."

மைத்துனர் குண்டை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போனதும் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, மாமா என்னப் பாராட்டிட்டாரு. உடம்புக்கு ஏதாவதா?"

"இருடா, பாப்போம்" என்றார் அக்கா. 

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது விரிசல்காரர் எந்தச் சுவரையும் தட்டவில்லை. டாக்டரம்மாவின் கதவுக்கு மேலேயே மூலையில் ஒரு விரிசல் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். உலகத்து விரிசல்களை உலகம் பார்த்துக்கொள்ளட்டும்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா உறையைக் கையில் எடுத்தார். பிரிப்பதற்குள் விரிசல்காரர் முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, சுத்தி வளைக்க வேணாம். நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன், எனக்குத் தெரியும். இன்னும் எத்தன நாள் தாங்கும்?"

"எது ஐயா?"

"கட்டடம்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். கணினியில் வந்திருந்த ஸ்கேன் அறிக்கையையும் ஒருமுறை படித்தார்.  மனைவியின் இரண்டு கையும் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"நல்லா அடைஞ்சிட்டு வருதே" என்றார் டாக்டரம்மா. "முப்பத்திரண்டு இருந்துச்சு, இப்ப பதினாலு. தலைல இருந்தது ஏறக்குறைய மூடிடுச்சு."

நல்ல செய்தியை விசாரிக்காமல் உள்ளே விடுகிற ஆள் இல்லை அவர். "அந்த வெள்ளை?"

"எந்த வெள்ளை?"

அவர் எழுந்து, ஊன்றுகோலை நீட்டி, ஓட்டையின் ஓரத்தைக் காட்டினார். "இது. பூத்திருக்குதே. உப்பு."

"உப்பா?"

"ஈரம் எறங்கி, உள்ள எல்லாத்தையும் தின்னுட்டு, ஓரத்துல வந்து பூத்திருக்கு. மறைக்காதீங்க. நாலு நாளா எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு, முகம் சிவந்ததிலிருந்து தெரிந்தது. எழுந்து வந்து பேனா முனையால் அந்த வெள்ளை விளிம்பைத் தொட்டார்.

"ஐயா, இந்தப் படத்துல எலும்புன்னா வெள்ளை. எலும்பு இல்லைன்னாதான் கறுப்பு. நீங்க உப்புன்னு சொல்றீங்களே, அது உங்க உடம்பு புதுசா கட்டியிருக்கற எலும்பு. ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள வந்துகிட்டே இருக்கு. இதுக்குத்தானே ஆறு மாசம் ஊசி போட்டோம்."

விரிசல்காரர் படத்துக்கு மூக்கு படும் அளவு கிட்டப் போய்ப் பார்த்தார். தொடையின் மற்ற பாகமெல்லாம் வெள்ளை. முழங்கால் வெள்ளை. இடுப்பு வெள்ளை. நாலு நாளாக இவ்வளவு வெள்ளையை வைத்துக்கொண்டு, ஓட்டையின் ஓரத்தை மட்டும் பார்த்துச் செத்திருக்கிறார்.

"கலவை எங்கேருந்து வந்துச்சு?" என்றார் கடைசியில்.

"நீங்கதான். உங்க ரத்தம்."

"ஆள் விடாம, சாரம் கட்டாம."

"ஆமா."

"மேல பூச்சு மட்டும் இல்லையே? உள்ளயும் கெட்டியா இருக்குமா?"

"ஸ்கேன்லயும் அப்படித்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. முழுசா குணம்னு நான் இன்னிக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன். அடங்கியிருக்கு, எலும்பு வளருது. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஊசி. மூணு மாசத்துக்கு ஒரு படம். திரும்பத் தலைகாட்டுதான்னு பாத்துகிட்டே இருக்கணும்."

இது அவருக்குப் புரிந்தது. இந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக டாக்டரம்மா தொழில் தெரிந்தவராகப் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்காத யாரையும் அவர் மதித்ததில்லை. "அதான் முறை" என்று தலையாட்டினார்.

"இனிமே இடது கால தைரியமா ஊணலாம். கம்பி வேணாம். ஏணி மட்டும் இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். அப்புறமும் ரெண்டு படிக்கு மேல கிடையாது."

"நாலு."

"ரெண்டு."

"மூணுல முடிச்சுக்குவோம்."

மனைவி டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பழையபடி கத்துவாரா?"

"அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் கத்தினார். கதவுக்கு மேலே ஒரு விரிசல் நடக்கிறது, அதன் கீழே நோயாளிகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியா இது என்று வரவேற்பு மேசையில் ஒரு மூச்சு. ஒரு கண்ணாடிச் சில்லும் கொஞ்சம் சுண்ணாம்பும் கொடுத்தால் தானே ஒட்டித் தருவதாகவும் சொன்னார். மேசையில் இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மைத்துனருக்குப் போன் போட்டார். "மாப்ள, என் தூக்குக்குண்ட எடுத்துட்டு வந்து வீட்டுல வெச்சிட்டுப் போ. உன் கை என்ன லட்சணம்னு உனக்கே தெரியும்." மறுமுனையில் மைத்துனர் அப்பாடா என்று மூச்சுவிட்டது போனுக்கு வெளியேயும் கேட்டது.

பேருந்தில் சன்னலோரம் மனைவி, பக்கத்தில் அவர். ஏறியது முதல் பேசிக்கொண்டே வந்தார். சாலையோரத்துக் கட்டடம் ஒவ்வொன்றாகக் காட்டி, இது பத்து வருடம், இது ஐந்து, இதோ இதன் உரிமையாளரைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்று தீர்ப்புகள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். மனைவி தூங்கிவிட்டிருந்தார். கண்ணாடியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பேருந்து குலுங்கினால்கூடத் தெரியாத தூக்கம். பட்டப்பகலில் இப்படித் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

மனைவியின் மடியிலிருந்து பை நழுவியது. பாய்ந்து பிடித்தார். கை இறங்கியது, அவ்வளவு கனம். காலையில் இந்தப் பையை அவர் கவனிக்கவே இல்லை. இரண்டு படமும் தண்ணீர்ப் பாட்டிலும் இவ்வளவு கனக்காதே என்று ஜிப்பைக் கொஞ்சம் விலக்கினார்.

தட்டு, தம்ளர். பிரிக்காத சோப்பு. இரண்டு போர்வை. அவருடைய சட்டைகள், பத்து நாளைக்கு வரும். மடிப்புக் கலையாமல் அடியில் மனைவியின் புடவைகள். ஒரு தலையணை உறை. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று மனைவி கையெழுத்தில் ஒரு தாள். கம்பி ஏற்றப் படுக்கவைப்பார்கள் என்று முடிவு செய்து, வீட்டையே பாதி மடித்து எடுத்து வந்திருந்தார். இரண்டு போர்வையையும் நேற்றைய தேதியிட்ட செய்தித்தாளில் சுற்றியிருந்தார். வியாழக்கிழமை. தம்பி போன் செய்த நாள்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நடத்துனர் தெரிந்தவர், திரும்பிப் பார்த்து, "எறங்கலையா?" என்றார். விரிசல்காரர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். சத்தம் வராமல் ஜிப்பை மூடினார். எட்டு மாதமாக ஒரு கைக்குட்டையைக்கூட வைக்க விடாத இடது தொடையின் மேல் அந்தப் பையை முழுப் பாரத்தோடு இறக்கி வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.